ஜன்னல் திறந்திருந்த குளிர்காலம்

பிப்ரவரி மாத இரவு. வெளியே மைனஸ் 8 டிகிரி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், படுக்கையறை ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தோம். ஜன்னலுக்கு நேர் கீழே, நீராவியால் அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு கொதித்தது. மயிலாடுதுறையிலிருந்து முதல் தடவையாக வந்திருந்த அம்மா, போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பழைய பத்திரிகை ஒன்றால் விசிறியபடி அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, தெருவுக்கும் சேர்த்தா காயவைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கடுங்குளிரிலும் தெருவெங்கும் ஜன்னல்கள் திறந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டைச் சூடாக்கும் செலவு மாத மெயின்டெனன்ஸ் கட்டணத்துக்குள்ளேயே போய்விடும், தனியாக பில் வராது. சூடு அதிகமானால் ஜன்னலைத் திற, அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து அம்மா இன்னொரு செய்தி கொண்டுவந்தாள். ஆறாவது மாடி மூலை வீட்டில் கயானாவிலிருந்து வந்த ஒரு பாட்டி முப்பது வருடமாகத் தனியாக இருக்கிறார். லிஃப்ட்டில் பழக்கமாகி, அம்மா அவருக்கு ஒரு கிண்ணத்தில் ரசம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வந்தவள் முகம் சரியில்லை.

"அந்தம்மா வீட்ல எலும்பு வரைக்கும் குளுருது. கேஸ் ஓவனைப் பத்தவச்சு, கதவைத் திறந்துபோட்டு, அது முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருக்கு."

ஒரே கட்டடம், அடித்தளத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் நீராவி அனுப்பும் ஒரே பாய்லர். கீழே நாங்கள் ஜன்னலைத் திறக்கிறோம், மேலே அவர் ஓவனைத் திறக்கிறார். ஒரு நகரம் தன் கட்டடங்களை எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்தால், வேலையை இந்த ஜன்னலிலும் அந்த ஓவனிலும்தான் தொடங்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் எண்ணம். அதற்குப் பிறகு எங்கள் கோ-ஆப் போர்டில் (குடியிருப்பவர்களே சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கும் கட்டடம் கோ-ஆப், அதை நடத்தும் குழு போர்டு) சேர்ந்து, இந்த விஷயத்தோடு ஐந்து வருடம் மல்லுக்கட்டியாயிற்று. அந்த எண்ணம் மாறவில்லை.

ஜன்னல் கதைக்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1918-இன் இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய்க்குப் பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள் என்று சுகாதாரத் துறையினர் அமெரிக்கா முழுக்கச் சொன்னார்கள். பொறியாளர்களும் அதற்கேற்ப, வருடத்தின் மிகக் குளிரான நாளில் ஜன்னல் திறந்திருந்தாலும் வீடு சூடாக இருக்கும்படி பாய்லரையும் ரேடியேட்டரையும் பெரிதாகப் போட்டார்கள். நியூயார்க்கின் பழைய செங்கல் கட்டடங்களில் நிறைய அந்தக் கணக்கில் கட்டியவை. நோய் போய் நூறு வருடமாகியும் பாய்லரின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

அதோடு சட்டமும் உண்டு. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். இரவில் 17 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஏழை வாடகைக்காரர்களைக் காப்பாற்றுகிற நல்ல சட்டம். ஆனால் எல்லா வீட்டுக்கும் 20 டிகிரி கொடுக்க வேண்டும் என்றால், கட்டடத்தின் மிகக் குளிரான வீடு அந்த அளவை எட்டும் வரை பாய்லர் எரிய வேண்டும். அதற்குள் பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகள் 28, 29 டிகிரிக்குப் போய்விடும். சட்டம் கீழ்வரம்பைத்தான் சொல்கிறது, மேலே எவ்வளவு போனாலும் கேட்பாரில்லை.

நியூயார்க் நகரம் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்து வருகிறது. சுரங்க ரயிலும் நடையுமாக வாழும் ஊர் என்பதால் கார்களின் பங்கு குறைவு, அடித்தளத்து பாய்லர்களின் பங்கு அதிகம். இதை மாநகரம் அளந்துதான் தெரிந்துகொண்டது. 2009-இல் ஒரு சட்டம் போட்டு, பெரிய கட்டடங்கள் வருடா வருடம் எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் செலவழிக்கின்றன என்று கணக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அபராத வரம்பு வந்தது அதற்குப் பத்து வருடம் கழித்து. முதலில் பத்து வருடம் வெறும் கணக்கு எடுத்ததைச் சிலர் கால விரயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கணக்கு கையில் இல்லாமல் வரம்பு வைத்திருந்தால், முதல் வழக்கிலேயே சட்டம் விழுந்திருக்கும்.

அப்புறம் வாசல் கதவில் எழுத்து வந்தது. 2020 முதல், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் தங்கள் ஆற்றல் தரத்தை ஏ, பி, சி, டி என்று ஒரு பெரிய எழுத்தாக நுழைவாயில் பக்கத்தில் ஒட்ட வேண்டும். 85 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் ஏ. 55-க்குக் கீழே டி. கணக்கே கொடுக்காதவர்களுக்கு எஃப். எங்களுக்கு டி வந்தது. இந்த ஊர் உணவகங்களின் ஜன்னலிலும் சுகாதாரத் தரத்தை இப்படித்தான் எழுத்தாக ஒட்டுவார்கள். அதனால் டி என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீடு பார்க்க வந்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஏஜெண்டிடம் கேள்வி கேட்டார்கள். அதுவரை போர்டு கூட்டத்துக்கு எட்டிப் பார்க்காதவர்கள், அந்த மாதம் நாற்காலி போதாமல் நின்றார்கள்.

எழுத்து வெட்கப்படுத்தும். பணம் செலவழிக்க வைப்பது இன்னொரு சட்டம், 2019 ஏப்ரலில் நிறைவேறிய 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம். ஊரில் ஏறக்குறைய 50,000 கட்டடங்களுக்குக் கார்பன் வரம்பு. 2024-இல் தொடக்கம், 2030-இல் இறுக்கம், 2050-இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடுவதும் ஈடுகட்டுவதும் சரிக்குச் சரி. வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வருடத்துக்கு 268 டாலர் அபராதம்.

இதை எங்கள் கட்டடத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். எங்களுடையது 80 வீடுகள், 80,000 சதுர அடி. குடியிருப்புக் கட்டடத்துக்கு 2024 முதல் 2029 வரை ஒரு சதுர அடிக்கு 6.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு அனுமதி, ஆக 540 டன். அப்போது நாங்கள் வெளியிட்டது சுமார் 480 டன். தப்பித்தோம். 2030-இல் அனுமதி ஏறக்குறைய 3.35 கிலோவாக, அதாவது பாதியாகக் குறைகிறது. 268 டன்தான். ஒன்றும் செய்யாமல் இருந்தால் 212 டன் அதிகம், வருடத்துக்குச் சுமார் 56,800 டாலர். வீட்டுக்கு 710 டாலர். இந்த ஒரு கணக்கை வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டிய கூட்டத்தில்தான் 'பார்க்கலாம்' என்ற வார்த்தை முதல் முறையாகக் காணாமல் போனது. ஐந்தாறு வருடம் முன்னாலேயே வரம்பும் தேதியும் தெரிந்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. பாய்லர் பழுதாகிற அன்றைக்கு எவரும் யோசித்து முடிவெடுக்க மாட்டார்கள், அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதை மாட்டுவார்கள்.

மாநகரம் கட்டட உரிமையாளர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது. என்.ஒய்.சி. ஆக்சிலரேட்டர் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். அங்கே பேசிய பிறகு ஒரு பொறியாளரை வரவழைத்தோம். எங்கள் சூப்பரும் (கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நானும் அவரோடு அடித்தளத்துக்கு இறங்கினோம்.

மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பற்றிப் பேச நான் தயாராகப் போயிருந்தேன். அவர் பாய்லரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூரையை அண்ணாந்து பார்த்தார். பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவிக் குழாய், என் தொடையளவு தடிமன், இருபது மீட்டருக்கு மேல் போர்வை எதுவும் இல்லாமல் வெறும் இரும்பாக ஓடியது. ஒரு காலத்தில் சுற்றியிருந்த காப்பை எப்போதோ உரித்தவர்கள் திரும்பச் சுற்றவில்லை. ஈக்வடாரிலிருந்து வந்த எங்கள் சூப்பர் நனைந்த கையுறைகளை அதன் மேல்தான் காயப்போடுவார். சைக்கிள் நிறுத்தும் அறை 32 டிகிரி. ஒரு மாத வடாம் பிழிந்து காயவைக்கலாம், அவ்வளவு சூடு. எண்பது வீட்டுக்காரர்களும் காசு கொடுத்து சைக்கிள்களுக்கு வெப்பம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஆறாவது மாடிக்குப் போனோம். பாட்டி வீட்டு ரேடியேட்டரின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்ன உலோகக் குமிழ் இருக்கிறது. காற்றுப்போக்கி. எங்கள் கட்டடத்தில் ஒற்றைக் குழாய் முறை. நீராவி மேலே போவதும் தண்ணீராகித் திரும்புவதும் ஒரே குழாயில். ரேடியேட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்று அந்தக் குமிழ் வழியாக வெளியே போனால்தான் நீராவி உள்ளே வர இடம் கிடைக்கும். வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று எப்படி முட்டிக்கொண்டு நிற்குமோ, அதே கதை. பாட்டி வீட்டுக் குமிழ் மேல் ஒவ்வொரு தடவையும் சுவரோடு சேர்த்து வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். பொறியாளர் பேனாக் கத்தியால் சுரண்டினார். நான்கோ ஐந்தோ பூச்சு, முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. அடியில் ஓட்டை அடைந்தே போயிருந்தது. முப்பது வருடமாக அந்த அம்மாள் குளிரில் உட்கார்ந்ததற்குக் காரணம், பத்துப் பதினைந்து டாலர் பெறுமானமுள்ள அந்தக் குமிழ். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அந்த வருடம் நாங்கள் செய்தது இவ்வளவுதான். குழாய்களுக்குக் காப்பு. பிரதானக் குழாய்களின் முனையில் பெரிய காற்றுப்போக்கிகள். எல்லா ரேடியேட்டருக்கும் புதுக் குமிழ். அதிகம் கொதிக்கும் வீடுகளில் அறையின் சூட்டைப் பார்த்துத் தானே மூடிக்கொள்ளும் வால்வு. வெளியே எவ்வளவு குளிர் என்று மட்டும் பார்த்து பாய்லரை ஓட்டிய பழைய கருவிக்குப் பதிலாக, இருபது வீடுகளுக்குள் சின்னச் சின்ன சென்சார்கள். இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கும் கட்டடங்களுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் மாநகரம் தனி வழி ஒன்று வைத்திருக்கிறது. கார்பன் கணக்குக்குப் பதில் 13 எளிய வேலைகளை முடித்தால் போதும். நாங்கள் செய்ததில் பெரும்பகுதி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

சரி, எல்லாம் சுமுகமாக நடந்ததா என்றால் இல்லை. வேலைக்கு எடுத்த ஒப்பந்தக்காரர் எங்கள் வரிசையில் ஆறு வீடுகளில் அந்தத் தானியங்கி வால்வை நீராவி உள்ளே வரும் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒற்றைக் குழாய் முறையில் அதை ரேடியேட்டருக்கும் காற்றுப்போக்கிக்கும் நடுவில் மாட்ட வேண்டும். உள்வழியை அடைத்தால் குளிர்ந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, அடுத்து வரும் நீராவி அதை மோதும். விடியற்காலை நான்கு மணிக்குச் சுத்தியலால் அடிப்பது போல் குழாய் முழுக்கச் சத்தம். கைக்குழந்தை வைத்திருந்த வீட்டார் எங்கள் கதவைத் தட்டியது நியாயம். திரும்ப மாட்ட மூன்று வாரம் ஆயிற்று. நகரம் சட்டம் போடும் வேகத்துக்கு, நீராவி தெரிந்த கைகள் ஊரில் இல்லை. இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்து ஆள் உருவாக்குவதற்குச் சட்டத்துக்குக் கொடுக்கும் அளவு கவனம் கொடுக்க வேண்டும். அபராதத் தொகையை யார் வேண்டுமானாலும் தாளில் எழுதலாம், வால்வை எங்கே மாட்டுவது என்று தெரிந்தவர் வேண்டுமே.

அடுத்த குளிர்காலத்தில் எரிவாயுச் செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மின்சாரத்துக்கு இன்னும் ஒரு அடிகூட வைக்கவில்லை, அதற்குள்ளேயே.

இந்த ஊர் முன்பும் ஒரு தடவை இதைச் செய்து காட்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் முன்னால் வரை நிறையக் கட்டடங்கள் ஆறாம் எண் எண்ணெய் எரித்தன. சுத்திகரிப்பில் அடியில் மிஞ்சும், தார் போன்ற கசண்டு. காய்ச்சினால்தான் ஓடும். அந்த வகைக் கனமான எண்ணெய்களை எரித்தவை ஊரின் கட்டடங்களில் ஒரு சதவீதம்தான். ஆனால் நகரத்தின் கார்களும் லாரிகளும் சேர்ந்து கக்குவதைவிட அதிகக் கரி அவற்றின் புகைபோக்கிகளிலிருந்து வந்தது. 2011-இல் மாநகரம் விதி போட்டு, 2015-க்குள் ஆறாம் எண் எண்ணெயை முற்றிலும் ஒழித்தது. நான் வந்த புதிதில் ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணி கறுப்பாகும். இப்போது சாதாரணத் தூசுதான் வருகிறது. ஆனால் அப்போது எண்ணெயை விட்டவர்களில் நிறையப் பேர் எரிவாயுவுக்குப் போனார்கள், நாங்களும்தான். அந்தப் பாய்லர்களுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. இப்போது அதையும் மாற்று என்றால் கோபம் வருவதை நான் புரிந்துகொள்கிறேன்.

மின்சாரத்துக்கு மாறுவது என்றால் அறையில் ஒரு கம்பி ஹீட்டரை வைப்பதில்லை. 2022 ஜனவரியில் இதே நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அப்படி ஒரு ஹீட்டரிலிருந்து தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. குளிர் தாங்காத வீடுகள் நாடுவது அதைத்தான், எங்கள் பாட்டி ஓவனை நாடியது போல.

ஹீட் பம்ப் வேறு. ஃபிரிட்ஜின் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும் அல்லவா? உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. ஹீட் பம்ப் அதையே திருப்பிப் போட்டு, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடுகிறது. குளிர்காற்றிலும் இழுப்பதற்குச் சூடு இருக்கத்தான் செய்கிறது. ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் இரண்டரை, மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கோடையில் அதே பெட்டி ஏசி.

இடைஞ்சல் சுவருக்குள் இருக்கும் வயரிங்கில். பழைய கட்டடங்களில் ஒரு வீட்டுக்கு வரும் மின்சாரம் நான்கு விளக்கும் ஒரு ஃபிரிட்ஜும் இருந்த காலத்துக் கணக்கு. எல்லா வீட்டுக்கும் ஹீட் பம்பும் மின் அடுப்பும் வைக்க வேண்டும் என்றால் அடித்தளத்திலிருந்து புதுக் கேபிள் இழுக்க வேண்டும். எங்களுக்கு வந்த மதிப்பீட்டைப் பார்த்து அறையே அமைதியானது.

இந்த இடத்தில்தான் மாநகரத்தின் இன்னொரு முகத்தைச் சொல்ல வேண்டும். சட்டம் போடுகிற முகம் தெரியும். பொருள் வாங்குகிற முகமும் ஒன்று உண்டு. நியூயார்க்கின் பொது வீட்டுவசதி ஆணையத்திடம் 1,70,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. 1990-களின் நடுவில் அவர்களுக்கு ஒரு பிரச்சினை. சின்னச் சமையலறையில் நுழைகிற அளவில், குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற ஃபிரிட்ஜ் சந்தையிலேயே இல்லை. மாநில மின் ஆணையத்தோடு சேர்ந்து, 'இப்படி ஒன்று செய்துகொடுங்கள், பல்லாயிரக்கணக்கில் வாங்கிக்கொள்கிறோம்' என்று அறிவித்தார்கள். மேடேக் (Maytag) நிறுவனம் செய்து கொடுத்தது. அதே பாணியில் 2021 டிசம்பரில் ஹீட் பம்புக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். ஜன்னல் விளிம்பில் மாட்ட வேண்டும், சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஓட வேண்டும், நியூயார்க் குளிரைத் தாங்க வேண்டும். மிடியா, கிரேடியன்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் 2022-இல் வென்றன. 30,000 கருவிகளுக்கு 7 கோடி டாலர். முதலில் எங்கள் குயின்ஸிலேயே, உட்சைடு ஹவுசஸ் குடியிருப்பில் 72 கருவிகளை மாட்டினார்கள். ஜன்னலின் மேல் குதிரைச் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பாதி உள்ளே, பாதி வெளியே, கண்ணாடியை மறைப்பதில்லை. சுவரை உடைக்கவில்லை, கேபிள் இழுக்கவில்லை.

இதைச் சாதாரண விஷயமாக நான் பார்க்கவில்லை. சந்தையில் புதிய பொருள் எப்போதும் பணக்காரர் வீட்டுக்குப் போய், மிச்சம் ஏழைக்கு வரும். இங்கே பொதுக் குடியிருப்பில் இருப்பவர்களுக்காக ஒரு பொருளைச் செய்யச் சொன்னார்கள். எங்களைப் போன்ற கோ-ஆப்கள் இப்போது அதையே விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடுப்பு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வாசிக்கிற நம்மவர்கள் இந்நேரம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதிர்த்தெருக் கட்டடத்தில் கேஸ் கசிவு என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, குழாய் மாற்றி, சோதித்து, அனுமதி வாங்கித் திரும்பக் கொடுக்க ஏழு மாதம் ஆயிற்று. இந்த ஊரில் இது வழக்கமான கதை. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன்.

அம்மாவின் தோசைக்கல் வார்ப்பிரும்பு, ஊரிலிருந்து பெட்டிக்குள் துணியில் சுற்றி வந்தது. இண்டக்‌ஷனுக்கு இரும்பு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் அடுப்புக்குள் இருக்கும் சுருள் கல்லைவிடச் சின்னது. முதல் தோசை நடுவில் கருகி, ஓரம் மாவாகவே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கல்லை எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தாள். குறைந்த சூட்டில் ஐந்து நிமிடம் கல்லைப் பழக விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தோசைக்கும் கல்லைக் கால்வட்டம் நகர்த்தினாள். நான்காவது தோசை முறுகலாக, ஓரம் வரை ஒரே நிறத்தில் வந்தது. "இதுக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்குடி" என்றாள். அப்பளம் சுடுவதும் கத்திரிக்காய் சுடுவதும் முடியாது, உண்மைதான். கொத்சுக்குக் கத்திரிக்காயை எலெக்ட்ரிக் ஓவனில்தான் சுடுகிறேன். தோல் உரிகிறது, அந்தத் தீ வாசனை கொஞ்சம் குறைவு.

வாசனையைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது காற்று. பிராங்ஸில் பொதுக் குடியிருப்பு ஒன்றில் வீ ஆக்ட் என்ற அமைப்பு 20 வீடுகளை எடுத்து, அவற்றில் 10 வீடுகளில் கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் வைத்து அளந்தது. அந்த வீடுகளில் நைட்ரஜன் டை ஆக்சைடு ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்தது. ஆஸ்துமாவைத் தூண்டுகிற வாயு அது. பிராங்ஸில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று அங்கே பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழி சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் இன்ஹேலர் பெட்டி இருக்கிறதாம்.

எதிர்ப்பாளர்கள் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குயின்ஸிலேயே கிளென் ஓக்ஸ் வில்லேஜ் என்று ஏறக்குறைய 2,900 வீடுகள் கொண்ட கோ-ஆப் இருக்கிறது. ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், நடுத்தர வருமானக்காரர்கள் வாழும் இடம். பாய்லர்களை எல்லாம் மாற்ற எங்களிடம் பணம் எங்கே என்று வழக்குப் போட்டார்கள். 2025-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரி. ஆனால் அவர்களுடைய கேள்வி தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு 30 சென்ட்டுக்கு மேல். அதே அளவு ஆற்றலுக்கு எரிவாயு அதில் ஒரு சிறு பகுதி விலைதான். ஹீட் பம்ப் மூன்று மடங்கு சூடு தந்தாலும் செலவு சரிக்குச் சரி வந்தால் நல்ல நாள். சூடு கசிவதையெல்லாம் முதலில் அடைக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வேண்டிய சூடே ஐந்தில் ஒரு பங்கு குறைந்த பிறகு, வாங்க வேண்டிய ஹீட் பம்பும் சிறியது, பில்லும் சிறியது.

வாடகை வீட்டில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இப்போது சூட்டுக்கான செலவு பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரருடையது. ஹீட் பம்பை வாடகைக்காரரின் மீட்டரில் மாட்டிவிட்டால், கட்டடத்தின் கார்பன் கணக்கு அழகாகிவிடும், பில் மட்டும் வாடகைக்காரர் தலையில் விழும். பாட்டி போன்றவர்கள் அப்போது பெட்டியை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்வார்கள். இதைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் எந்தக் கட்டடத்துக்கும் மானியம் கொடுக்கக் கூடாது என்று போர்டு சார்பில் நான் எழுதியிருக்கிறேன்.

அந்த மின்சாரமே எரிவாயுவில்தானே வருகிறது என்பார்கள். நியூயார்க் நகரத்துக்கு இன்று பெரும்பகுதி அப்படித்தான். 2021-இல் இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையத்தை மூடிய பிறகு இன்னும் அதிகம். ஆனாலும் மின் நிலையத்தில் எரித்து, கம்பியில் கொண்டுவந்து, ஹீட் பம்பில் மூன்று மடங்காக்கினால் அடித்தள பாய்லரைவிடக் குறைந்த எரிவாயுதான் செலவாகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்து நீர்மின்சாரத்தை அஸ்டோரியாவுக்குக் கொண்டு வரும் 1,250 மெகாவாட் கேபிளை எங்கள் பக்கத்துப் பேட்டையில்தான் கரையேற்றினார்கள். பாய்லர் ஒரு தடவை மாட்டினால் முப்பது வருடம் எரிவாயுதான் எரிக்கும். ஹீட் பம்ப், கம்பியில் வரும் மின்சாரம் சுத்தமாக ஆக ஆகத் தானும் சுத்தமாகிக்கொண்டே வரும்.

மற்ற ஊர்களைப் பற்றி ஒன்று மட்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி, 2019-இல் புதுக் கட்டடங்களுக்கு எரிவாயுக் குழாயே கூடாது என்றது. அமெரிக்காவில் அதுதான் முதல். உணவகச் சங்கம் வழக்குப் போட்டது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கருவிகளின் ஆற்றல் விதி கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது என்று அதைச் செல்லாததாக்கியது. நியூயார்க் 2021-இல் போட்ட சட்டம் குழாயைப் பற்றிப் பேசவில்லை, புதுக் கட்டடத்தில் எரிபொருள் எவ்வளவு புகை விடலாம் என்று மட்டும் வரம்பு வைத்தது. சின்னக் கட்டடங்களுக்கு 2024 முதல், உயரமானவற்றுக்கு 2027 முதல். எதைத் தடை செய்வது என்பதைவிட எதை அளப்பது என்று யோசித்த வரைவு, நீதிமன்றத்திலும் அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது.

எங்கள் போர்டு போன மாதம் முடிவெடுத்தது. முதலில் ஆறாவது மாடி, குளிர் அதிகம் விழும் வடக்குப் பக்கம், பன்னிரண்டு ஜன்னல் ஹீட் பம்ப். மின்சாரச் செலவு கட்டடத்தின் கணக்கில். இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு மற்ற மாடிகள். எதிராக மூன்று வாக்கு. அதில் ஒருவர் கூட்டம் முடிந்ததும் பக்கத்தில் வந்து, தன் வீட்டுக் குமிழையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருடம் அம்மா வரவில்லை, மூட்டு வலி. சனிக்கிழமை வீடியோவில் பேசும்போது பாட்டியும் வந்து உட்கார்ந்தார். தன் ஓவனுக்குள் இப்போது பாத்திரம் அடுக்கியிருப்பதை போனைக் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா நன்றாகத் தெரியவில்லை, இன்னும் கிட்டக் காட்டு என்றாள்.